நைட் ஷிஃப்ட் உடம்புக்குப் பழகிவிடுமா? பார்த்ததைச் சொல்லுங்கள்

சோமனூரிலிருந்து:
தறிக்குடோனில் எல்லோரும் சொல்வது, "ஒரு மாசம் ராத்திரி ஓட்டுனா ஒடம்பு பழகிக்குங்க." எங்கள் அப்பாவும் அதே கட்சி. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு மேல் அவர் ஓட்டிய துணியை மடிக்கும்போது குட்டு வெளிப்படும். பாவில் (நீளவாட்டு நூலில்) ஒரு இழை அறுந்தது தெரியாமலே தறி ஓடியிருக்கும்; முழக்கணக்கில் மெல்லிய கோடு. பகலில் என்றால் இரண்டு விரற்கடைக்குள் நிறுத்திவிடுவார். கேட்டால், "தூக்கமா, எனக்கா?" என்பார்.

கோவையிலிருந்து (புள்ளியியல் படித்தவள்):
அண்ணா, அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. 2003-இல் வெளிவந்த பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் ராத்திரிக்கு 4, 6, 8 மணி நேரம் என்று குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து 14 நாள் அவ்வளவு நேரமே படுக்க விட்டார்கள். திரையில் எண் ஓடத் தொடங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும்; அரை விநாடி தாண்டினால் தவறு. 4, 6 மணிக்காரர்களின் தவறு நாளுக்கு நாள் ஏறியது. "தூக்கம் வருகிறதா?" என்ற கேள்விக்கான பதிலோ சில நாளிலேயே ஏறாமல் நின்றுவிட்டது.

குலுக்கல் எதற்கு என்றால், ராத்திரித் தறிக்கு வருகிறவர் பலருக்குக் கடன் இருக்கும், பகலில் இன்னொரு வேலை இருக்கும். பகல் ஆட்களோடு சும்மா ஒப்பிட்டால், கெடுத்தது தூக்கமா கவலையா என்று பிரிக்கவே முடியாது.

ஈரோட்டிலிருந்து (நர்ஸ்):
எங்களுக்கு நைட் வாரம் முடிந்தால் ஆஃப். அடித்துப்போட்ட மாதிரி தூங்கி எழுந்து வருவேன். ஆனாலும் முதல் நாள் டூட்டியில் ஒரே பிபியை இரண்டு தடவை எழுதியிருப்பேன்.

கோவை:
அக்கா, அதுவும் சோதித்ததுதான். அதே 2003-இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிலையம், ராத்திரிக்கு 3, 5, 7, 9 மணி நேரம் என்று ஒரு வாரம் படுக்கவைத்து, பிறகு 3 இரவு 8 மணி நேரம் கொடுத்தது. 7 மணிக்காரர்கள்கூடப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆனால் பத்து வருசம் ராத்திரி ஓட்டியவருக்கு என்ன ஆகும் என்பதற்கு இப்படி நேரடிச் சோதனை கிடையாது. யாரையும் பத்து வருசம் குலுக்கிப் போட்டுத் தூங்கவிடாமல் வைக்க முடியாதல்லவா?

சோமனூர்:
சரிங்க அம்மணி. அடுத்த மாதம் யார் ராத்திரி, யார் பகல் என்று சீட்டுப் போடலாமா என ஓனரைக் கேட்கிறேன். துணியில் விழும் கோடுகளை எண்ணும் வேலை என்னுடையது. அப்பா சீட்டெடுக்கச் சம்மதிக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.