அப்பா பார்த்த கண்ணிவாரிக் கப்பல்

போர்க்கப்பல் பார்த்த கதை என்றால் எல்லோரும் விமானந்தாங்கி, நீர்மூழ்கி என்று பெரிய கதையாகச் சொல்கிறீர்கள். நான் பார்த்தது வெறும் 57 மீட்டர் நீளக் கண்ணிவாரி, அதாவது கடலில் போட்ட கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல். அதையும் என்னைவிட அப்பாதான் ஒழுங்காகப் பார்த்தார்.

எங்களுக்கு ஊர் பொழியூர். நீரோடி தாண்டியதும் கேரளம் தொடங்குமே, அங்கே. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். அப்பா 40 வருடம் கரையில் நின்று கம்பவலை இழுத்தவர். தங்கை மெல்பர்னில் நர்ஸ். அவளைப் பார்க்கப் போனபோது, வில்லியம்ஸ்டவுன் துறையில் காட்சிக்கு நிற்கும் காசில்மெய்ன் கப்பலுக்கு எங்களைக் கூட்டிப்போனாள்.

இரண்டாம் உலகப் போருக்காக ஆஸ்திரேலியாவில் கட்டிய 60 பாதர்ஸ்ட் வகைக் கப்பல்களில் அது ஒன்று. பெயருக்குத்தான் கண்ணிவாரி, சரக்குக் கப்பலுக்குக் காவல், நீர்மூழ்கி வேட்டை எல்லாம் அதன் தலையில்தான். அந்த 60இல் நான்கு அன்றைய பிரிட்டிஷ் இந்தியக் கடற்படைக்கு வந்தன: பெங்கால், பம்பாய், பஞ்சாப், மெட்ராஸ். 1942 நவம்பர் 11 அன்று ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகப் போன பெங்கால், தன்னைவிடப் பல மடங்கு பெரிய இரண்டு ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்து நின்றது. அதில் ஒன்று மூழ்கியது. இதையெல்லாம் நான் ஆவேசமாகச் சொல்ல, அப்பா காதில் வாங்கவே இல்லை. கண்ணி வாரும் கருவியைப் பார்க்கப் பின்தளத்துக்குப் போய்விட்டார்.

கண்ணிவெடி, அடியில் நங்கூரமிட்ட கம்பியில் தலை காட்டாமல் மிதக்கும். கண்ணிவாரி ஒரு நீள வடத்தைப் பின்னால் இழுத்துப்போகும். வடத்தின் நுனியில் மிதவை. அதன் கீழே தொங்கும் பலகை வடத்தைப் பக்கவாட்டில் விரித்துப் பிடிக்கும். வடத்தில் உள்ள வெட்டுக்கத்தி கண்ணியின் கம்பியை அறுக்கும். கண்ணி மேலே வந்ததும் துப்பாக்கியால் சுடுவார்கள்.

“மக்களே, இது நம்ம வலை இழுக்குற வேலைதாம்லா,” என்றார் அப்பா.

பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் படித்தால், அந்த வடமுறைக்கு ஓரோபெசா என்று பெயர் வந்ததே ஒரு மீன்பிடி டிராலரின் பெயரால்தான். முதல் உலகப் போரில் பிரிட்டன் கண்ணி வாரியதும் பெரும்பாலும் மீன்பிடிப் படகுகளை வைத்துத்தான்.

ஊர் திரும்பியதும் கரையில் வலை பின்னுகிறவர்களிடம் அப்பா இந்தக் கதையை ஒரு மாதம் சொன்னார். பக்கத்துவீட்டுப் பெரியப்பா ஒருநாள் கேட்டார்: “வெடிச்சா மீனெல்லாம் செத்து மிதக்குமே, அதை யாரு எடுத்தா?”

அப்பா இன்னும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.