மாசாமாசம் தானா வர்ற சாமான் – ஏற்காட்டுல இருந்து போட்டா கட்டுப்படியாகுமா?

மலைவீட்டு மருமக:
எல்லாருக்கும் வணக்கங்க. நாங்க ஏற்காட்டுல இருக்கோம், வீட்ல கைக்குழந்தையோட சேத்து அஞ்சு பேரு. மாசத்துக்கு ஒருக்கா வீட்டுக்காரரு சேலம் இறங்கி லீ பஜார்ல சாமான் போட்டுட்டு வருவாரு, நடுவுல தீந்து போறதெல்லாம் இங்கயே கடைல வாங்கிக்குவோம், மேல ஏத்திக் கொண்டாந்து விக்கிறாங்கல்ல, கொஞ்சம் கூடத்தான் இருக்கும். இப்ப ஆப்புல பாத்தா டயப்பர், சோப்புத்தூள், பருப்பு, எண்ணெய்னு எதைத் தொட்டாலும் "சப்ஸ்கிரைப் பண்ணா 10% கம்மி"ன்னு காட்டுது. மாமியார் கைல அள்ளிப் பாக்காம என்னடி பருப்பு வாங்குறதுங்கறாங்க, வீட்டுக்காரரு காசு அதுபாட்டுக்கு அக்கவுண்டுல இருந்து போயிட்டே இருக்கும்னு பயப்படுறாரு. உண்மையிலயே மிச்சம் ஆகுதா? எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

செவ்வாப்பேட்டைக்காரன்:
தங்கச்சி, முதல்ல ஒன்னு தெரிஞ்சுக்கங்க, நிறைய பேரு இதுலதான் ஏமாறுறாங்க. பொதுவா சப்ஸ்கிரிப்ஷன்ல நிலையா இருக்கறது தள்ளுபடி சதவீதம் மட்டும்தான், விலை கிடையாது. சும்மா கணக்குக்கு சொல்றேன், இந்த மாசம் சோப்புத்தூள் 400 ரூபா, 10% போக 360க்கு வருது. அடுத்த மாசம் அதே பாக்கெட்டை 460 ஆக்கிட்டாங்கன்னா உங்களுக்கு 414. தள்ளுபடியும் வந்த மாதிரி இருக்கும், முதல்ல இருந்த முழு விலையை விட கூடவும் குடுத்திருப்பீங்க. அதனால பொருள் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜோ மெயிலோ வரும், அதை மட்டும் திறந்து விலையைப் பாத்துருங்க, கூட இருந்தா அந்த மாசம் ஸ்கிப், அவ்ளோதான். ஸ்கிப் பண்ணா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

அப்புறம் எம்.ஆர்.பி.ய அடிச்சுட்டுப் போடுற விலையை நம்பாதீங்க. நம்மூரு மொத்தக்கடைல எம்.ஆர்.பி.க்கு யாரு வாங்குறா? கடைல கைக்கு என்ன விலைக்கு வருதோ அதோட ஒப்பிடணும். 2025 செப்டம்பர் 22ல இருந்து சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க்கெல்லாம் ஜி.எஸ்.டி. 18ல இருந்து 5 ஆயிருச்சு, அதனால அதுக்கு முன்னாடி எழுதி வச்ச பழைய விலையோட பாத்துட்டு "ஆஹா எவ்ளோ கம்மி"ன்னு நினைக்காதீங்க, அது வரி குறைஞ்சது, ஆப்புக்காரன் குடுத்தது இல்ல. துணி சோப்புத்தூள் மட்டும் இன்னும் அதே 18தான்.

தாதகாப்பட்டி அத்தை:
உங்க மாமியார் சொல்றதுதான் சரி கண்ணு, பருப்பு புளி மிளகாயெல்லாம் மாசாமாசம் வாங்குற சாமானே இல்ல, அது வருஷத்துச் சாமான். துவரை தை மாசம் அறுப்பு, அப்ப புதுப் பருப்பு வரும். புளி மாசி பங்குனில, அப்பவே கொட்டை எடுத்த புளியா வாங்கி உப்பு போட்டு ஜாடில அமுக்கி வச்சா அடுத்த வருஷம் வரைக்கும் பேச வேண்டாம். இதெல்லாம் சீசன்ல மொத்தமா வாங்கறப்போ கிடைக்கிற மிச்சத்துக்கு முன்னாடி அவன் குடுக்கிற பத்து பர்சென்ட் எம்மாத்திரம்? ஆனா ஏற்காட்டு ஈரத்துக்கு ஒன்னு பண்ணணும், நல்ல உச்சி வெயில்ல காயவச்சு சூடு ஆறினப்புறம்தான் டப்பால போடணும், சூட்டோட மூடினா உள்ள வேர்த்து வண்டு கட்டிரும். மேல வெயிலே இல்லைன்னா கீழ இருக்கற சொந்தக்காரங்க வீட்டு மொட்டை மாடில காயவச்சு வாங்கிக்கங்க. பருப்புல வரமிளகாய் நாலு கிள்ளிப் போடுங்க.

ரேஷன் கார்டு இருக்குல்ல? அரிசி சும்மா, துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 ரூபா. சாம்பாருக்கு நல்ல பருப்பு தனியா வச்சுக்கிட்டு, பொரியலுக்குத் தூவ, கூட்டுக்கு, அடைக்கு ரேஷன் பருப்பைப் போடுங்க. இதைச் சொன்னா இந்தக் காலத்துப் பிள்ளைங்க மூஞ்சி சுளிக்குதுங்க, ஆனா ஆப்புல பத்து ரூபா கம்மிக்கு நடுராத்திரி முழிச்சிருக்குதுங்க 😄

செவ்வாப்பேட்டைக்காரன்:
அத்தை சொன்னா அப்பீலே இல்ல. எண்ணெயும் வேண்டாம்ங்க, கடலெண்ணெய் நல்லெண்ணெய் இங்க செக்குலயே வாங்கிக்கலாம், மொத்தமா வந்து கிடந்தா சிக்கு வாடை அடிக்கும். அப்படியும் பாக்கெட் எண்ணெய் போடுறதா இருந்தா எடையைப் பாருங்க. லிட்டர் எண்ணெய் சுமாரா 910 கிராம் இருக்கும், ஆனா அதே சைஸ் தெரியற பாக்கெட்டு 800, 850 கிராம்லயும் வருது, போட்டோல பாத்தா ரெண்டும் ஒன்னாத்தான் இருக்கும். கிராமுக்கோ மில்லிக்கோ எவ்வளவுன்னு இப்ப பாக்கெட்லயே போட்டிருக்கு, அந்தப் பொடி எழுத்துதான் உண்மை பேசும்.

கவுண்டர் நம்பர் 3:
வீட்டுக்காரரோட பயத்துக்கு நான் பதில் சொல்றேன், பேங்க்லதான் வேலை. ஆட்டோபே, அதாவது காசு தானா பிடிச்சுக்கற வசதி, போட்டாலும் காசு சொல்லாம கொள்ளாம போகாது. ரிசர்வ் பேங்க் விதிப்படி, 2021 அக்டோபர்ல இருந்து, காசு எடுக்கறதுக்கு குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி உங்களுக்குத் தகவல் வரணும், எவ்வளவு, யாருக்குன்னு. 15,000 ரூபாய்க்கு மேல போனா ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. கேக்கும். முதல் தடவை பதிவு பண்றப்பவே "அதிகபட்சம் இவ்வளவுதான்"னு ஒரு எல்லை வைக்கற வசதி இருந்தா அதைப் போட்டுருங்க. யு.பி.ஐ. ஆட்டோபேயா இருந்தா போன்ல அந்த ஆப்புக்குள்ளயே மேன்டேட்னு (காசு எடுக்க நீங்க குடுத்த அனுமதி) ஒரு இடம் இருக்கும், அங்க போய் நிப்பாட்டிரலாம், கடைக்காரன்கிட்ட கெஞ்ச வேண்டியதில்ல. ஆனா ஒன்னு, மேன்டேட்டை மட்டும் நிப்பாட்டிட்டு சப்ஸ்கிரிப்ஷனை அப்படியே விட்டா ஆர்டர் தொங்கிக்கிட்டே இருக்கும், ரெண்டையும் கேன்சல் பண்ணுங்க.

கேன்சல் பட்டனைத் தேட விடறது, கேக்காமலே கூடைல எதையாவது சேக்கறது இதெல்லாம் இப்ப தப்பு. 2023 நவம்பர்ல மத்திய அரசு இந்த மாதிரி தில்லுமுல்லு 13 வகைன்னு பட்டியல் போட்டுத் தடை பண்ணிருக்கு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு 1915க்கு போன் போடுங்க.

ஒண்டிக்கடை ஓரம்:
நானும் ஏற்காடுதாங்க. மேல சொன்ன எல்லாரும் கீழ இருந்து பேசறாங்க, மலைக்கு வேற கணக்கு இருக்கு. இங்க வந்து சேர்ற தேதியை நம்பாதீங்க. டவுனுக்குள்ள ஓரளவு வீட்டுக்கே வரும், கொஞ்சம் உள்ள தள்ளி இருந்தா "ஒண்டிக்கடை ஜங்ஷனுக்கு வந்து வாங்கிக்கங்க"ன்னு போன் வரும். ஐப்பசி கார்த்திகைல மழை பிடிச்சு கொண்டை ஊசி ரோட்டுல மண்ணு சரிஞ்சா வண்டியெல்லாம் குப்பனூர் வழியாச் சுத்தி வரணும், சாமான் லேட்டாகும். அதனால தீர்ற அன்னைக்கு வர்ற மாதிரி போடாம, வீட்ல அரை மாசத்துக்கு இருப்பு இருக்கறப்பவே வர்ற மாதிரி தேதி வைங்க.

என் கணக்குல இங்க சப்ஸ்கிரிப்ஷனுக்குத் தோதானது டயப்பர், நாப்கின், டூத்பேஸ்ட், பாத்திரம் தேய்க்கிற லிக்விட், துணிக்கு லிக்விட், அவ்வளவுதான். கெட்டுப்போகாது, பிராண்டு மாறாது, உள்ளூர்க் கடைக்கும் ஆப்புக்கும் விலை வித்தியாசம் நல்லாத் தெரியும். துணிக்குத் தூள் வேண்டாம், பனிக்காலத்துல பிரிச்ச பாக்கெட்டு கட்டி கட்டியா ஆயிரும், ஸ்பூன் வச்சு இடிச்சுத்தான் எடுக்கணும். சர்க்கரையும் அப்படித்தான் கசியும்.

டயப்பருக்கு மட்டும் உஷார். குழந்தை எடை ஏறிக்கிட்டே இருக்கும், ஆப்பு பாட்டுக்கு எம் சைஸே அனுப்பிக்கிட்டு இருக்கும். பாக்கெட்ல எத்தனை கிலோல இருந்து எத்தனை கிலோ வரைக்கும்னு போட்டிருக்கும், குழந்தை அதுல மேல் எல்லைக்குப் பக்கத்துல வந்துட்டா பெரிய பாக்கெட்டு போடாம சின்னதாப் போடுங்க. அப்புறம் தொடை ஓரத்துல சிவப்பா கோடு விழுந்தா கிலோவெல்லாம் பாக்க வேண்டாம், உடனே அடுத்த சைஸ். பாக்கெட்டு விலையைப் பாக்காம ஒரு டயப்பர் எவ்வளவு விழுதுன்னு வகுத்துப் பாருங்க, சில சமயம் பெரிய பாக்கெட்டை விட நடுத்தரப் பாக்கெட்டு ரெண்டு வாங்கறது கம்மியா வரும்.

மலைவீட்டு மருமக:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அத்தை மெசேஜை மாமியாருக்குப் படிச்சுக் காட்டினேன், இனி என்னைப் பேசவே விடமாட்டாங்க 🙈 டயப்பரும் லிக்விடும் மட்டும் போட்டுப் பாக்கறேன், பருப்பு லீ பஜார்தான். ஒண்டிக்கடை அண்ணா, எங்க நாத்தனாரு நாகலூர் பக்கம் இருக்காங்க, அங்கயெல்லாம் வருமா?

ஒண்டிக்கடை ஓரம்:
ஆப்புல அவங்க பின்கோடு போட்டா வரும்னுதான் காட்டும்மா, ஆனா ஆளு அவ்ளோ தூரம் வர்றது அவன் கைல இருக்கற பார்சலைப் பொறுத்து. அவங்களையும் உங்க அட்ரஸ்லயே போடச் சொல்லிருங்க, சந்தைக்கு வர்றப்போ எடுத்துட்டுப் போகட்டும். சிலதுல ஒரே நாள்ல நிறைய ஐட்டம் சேந்து வந்தா தள்ளுபடி கூடக் குடுக்கறான், ரெண்டு வீட்டு சாமானும் ஒரே தேதிக்கு வச்சா அதுவும் கிடைக்கும்.