ஓடிக்கொண்டிருக்கிற நெட்வொர்க்கில் விபிஎன் கேட்வே (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வர ஒரு வாசல்) சேர்த்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

பீன்யா_கேபிள்:
எங்கள் ஆபீஸ் கோர் ரூட்டர் 10.10.0.1. மூன்று மாடிக்கும் அதுதான், அதில் கை வைக்காதே என்று உத்தரவு. சரி என்று பக்கத்தில் ஒரு லினக்ஸ் பெட்டியில் வயர்கார்டு என்கிற விபிஎன் மென்பொருள் போட்டு 10.10.0.5 கொடுத்தேன், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 10.8.0.0/24 என்ற முகவரி வரிசை. ஹேண்ட்ஷேக் ஆகிறது (இணைப்பு கிடைக்கிறது), பெட்டிக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் பாக்கெட்) போகிறது, பில்லிங் சர்வருக்கு மட்டும் இல்லை. சேலத்திலிருந்து அக்கவுண்ட்ஸ் அக்கா போனில், "வரலப்பா, சுத்திக்கிட்டே இருக்கு". ஃபயர்வாலைத் திட்டி, ஆன்டிவைரஸைத் திட்டி, கடைசியில் உங்கள் லேப்டாப்தான் கோளாறு, ஃபார்மேட் அடியுங்கள் என்றேன். அடித்துவிட்டார்.

ராத்திரி பதினொன்றரைக்குச் சர்வரில் வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் திறந்தால் அக்காவின் பிங் ஒழுங்காக வருகிறது, சர்வர் பதிலும் போடுகிறது, அந்தப் பதில் நேராக கோர் ரூட்டருக்குப் போகிறது. 10.8 யாரென்று அதற்கு எப்படித் தெரியும், வழி தெரியாததற்கெல்லாம் வைத்த டீஃபால்ட் ரூட்டில் இன்டர்நெட் பக்கம் தள்ளிவிட்டது. ரூட்டரில் 10.8-க்கு ஒரே ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதி வைக்கும் வழி), 10.10.0.5 பக்கம் கைகாட்டி. அவ்வளவுதான்.

ஓசூர்_பஸ்:
ஒரு வரியில் முடிந்தது உங்கள் அதிர்ஷ்டம் சார். எங்களிடம் ரூட்டர் இருந்த இடத்தில் ஃபயர்வால். ரூட் போட்ட பிறகும் ரிமோட் டெஸ்க்டாப் வரவில்லை. பெட்டியும் சர்வரும் ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரி வரிசையில்) இருந்தால் போகிற பாக்கெட் நேராகப் போகும், திரும்புவது ஃபயர்வால் வழியாக வரும். அது இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட்டையே பார்த்ததில்லை, அதற்குப் பதிலான சின்-ஆக் மட்டும் வந்தால் தூக்கிப் போட்டுவிடும். லாகில் டிராப், டிராப் என்று ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. கேட்வேயைத் தனி விலானில் (அதே சுவிட்சில் பிரித்த தனி நெட்வொர்க்கில்) வையுங்கள், இரண்டே முகவரி தரும் /30 போதும், இரண்டு பக்கமும் ஃபயர்வால் வழியாகவே போகட்டும். ரூட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் ரூட்டிங் புரோட்டோகால் ஓடினால் அந்த ரூட்டை அதிலும் அறிவியுங்கள், மற்ற கிளைகளுக்குத் தெரிய வேண்டாமா. அப்புறம் ஐபி ஃபார்வர்டிங் (பெட்டி பாக்கெட்டைக் கடத்திவிடுவது), எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) 1420, கான்ஃபிக் பேக்கப், இதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

கோரமங்களா_நைட்ஷிஃப்ட்:
எதற்கு இத்தனை? பெட்டியிலேயே நாட் போட்டு எல்லோரையும் அதன் முகவரியிலேயே அனுப்பினால் ரூட்டரைத் தொடவே வேண்டாம்.

ஓசூர்_பஸ்:
போடுங்கள். யாரோ ஒரு ஃபோல்டரை அழித்த அன்றைக்கு லாகில் பதினாறு பேரும் 10.10.0.5 என்று நிற்பார்கள். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஒயிட்ஃபீல்டு_மழை:
எங்கள் ஆபீஸ் 192.168.1.0/24. யார் வைத்தார்களோ. ஒரு மேனேஜர் வீட்டிலிருந்து சர்வர் முகவரியைத் தட்டினால் அவர் வீட்டுச் சிசிடிவி லாகின் வந்தது, வீட்டிலும் அதே வரிசை. ஹேக் ஆகிவிட்டது என்று எனக்கே போன் போட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை, முழு ஆபீஸுக்கும் முகவரி மாற்ற இரண்டு ஞாயிறு போனது.

அது சரி பீன்யா, அந்த அக்காவிடம் உண்மையைச் சொன்னீர்களா?

பீன்யா_கேபிள்:
இல்லை. ஃபார்மேட் அடித்ததால்தான் சரியானது என்று இன்றும் ஆபீஸில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.