குளிரில் விரல் விறைத்த அந்த ஒரு நிமிடம்: மெல்லிய கையுறை அனுபவங்கள்

இரவுவானம்:
மைனஸ் 12 டிகிரி. கேமராவை டிரைபாடில் பொருத்தும் தட்டின் திருகு தளர்ந்துவிட்டது. தடித்த கையுறையோடு அதைப் பிடிக்கவே முடியவில்லை. சரி, ஒரு நிமிட வேலைதானே என்று வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, வெறும் விரலால் திருக ஆரம்பித்தேன். டிரைபாட் அலுமினியம். தொட்டவுடன் சூடு பட்டது போல் ஓர் எரிச்சல், அப்புறம் எதுவும் இல்லை. திருகைக் கழற்றி விரல்களுக்குள் பத்திரமாக வைத்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் விரல்கள் வெறுமனே மூடியிருக்கின்றன. திருகு எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை. காலடியில் முழங்கால் அளவு பனி.

அதற்குப் பிறகு மெல்லிய மெரினோ கம்பளிக் கையுறை ஒன்றை உள்ளே போட்டு, மேலே விரல்மூடி திறக்கும் மிட்டன் (நான்கு விரலும் ஒரே பைக்குள் இருக்கும் கையுறை) போடுகிறேன். காற்று இல்லாத இரவில் போதுமானதாக இருக்கிறது. கொஞ்சம் காற்று வீசினாலும் ஆள்காட்டி விரல் நுனிதான் முதலில் மரத்துப்போகிறது. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

சங்கிலிச்சத்தம்:
என் தவறு வேறு மாதிரி. கைக்கு ஒட்டினாற்போல் இருந்தால்தான் வேலை ஓடும் என்று ஒரு சைஸ் சின்னதாக வாங்கிவிட்டேன். உறைகிற காலையில் சைக்கிள் ட்யூப் மாற்ற நின்றேன். டயரை நெம்பிக்கொண்டே இருக்கும்போது விரல்கள் மடங்க மறுத்தன. கையுறையைக் கழற்றிப் பார்த்தால் தையல் ஓடிய இடமெல்லாம் தோலில் வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி நுனிவரை நிறமே இல்லை. விரல் நுனிக்கும் துணிக்கும் நடுவில் இம்மியளவு காற்று தங்க வேண்டும், அதுதான் சூடு. இறுக்கிப் போட்டால் காற்றும் போச்சு, ரத்த ஓட்டமும் போச்சு.

இன்னொன்று, வியர்வை. மேடு ஏறும்போது கை நனையும், நின்றதும் அந்த ஈரமே எதிரியாகிவிடும். பருத்தி வேண்டவே வேண்டாம். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூட்டைத் தக்கவைக்கும், பாலியஸ்டர் சீக்கிரம் உலரும்.

கொஞ்சம் பொறுத்தால் விரலுக்கு ரத்தம் தானாகவே திரும்பி வரும் என்பதையும் சொல்ல வேண்டும். தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் 1930லேயே இதை எழுதியிருக்கிறார். குளிரில் வைத்த விரல் ஐந்து பத்து நிமிடத்தில் மறுபடி சூடாகும், பிறகு குளிரும், மறுபடி சூடாகும். எனவே பழகிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

இரவுப்பணி:
ஆம்புலன்ஸ் வேலை. இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

சாலையோரம், பனிக்காற்று. காருக்குள்ளிருந்து இறக்கிப் படுக்கவைத்த பெரியவரின் கழுத்தில் நாடி பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. இடம் மாற்றி அழுத்துகிறேன். ஒன்றும் இல்லை. அவருக்குத் துடிப்பு இல்லையா, என் விரலுக்கு உணர்வு இல்லையா? எனக்குத் தெரியவில்லை. வண்டிக்குள்ளிருந்து அப்போதுதான் இறங்கிய சக ஊழியர் தன் சூடான கையை வைத்து, "இருக்கு, நல்லாவே இருக்கு" என்றார். பெரியவர் பிழைத்தார். ஆனால் அந்தப் பத்து விநாடி இன்னும் என்னை விடவில்லை.

விரல் தோலின் வெப்பம் சுமார் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வேலை தடுமாறும், 8 டிகிரி வாக்கில் தொடு உணர்வே மழுங்கிவிடும் என்று பிறகுதான் படித்தேன். மரத்துப்போகிற விரல் அதை நம்மிடம் சொல்வதில்லை. இப்போது மிக மெல்லிய பட்டுக் கையுறை, அதன்மேல் ஒரு சைஸ் பெரிய நைட்ரைல், அதாவது மருத்துவமனையில் போடும் செயற்கை ரப்பர் கையுறை. காற்று உள்ளே புகாது. வியர்வையும் வெளியே போகாது, அதனால் மூன்று ஜோடியைச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டிலேயே வைத்து மாற்றிக்கொண்டே இருக்கிறேன். நாடி பார்க்கும் நேரத்துக்கு மட்டும் உள்ளே பட்டு இல்லாமல் வெறும் நைட்ரைல்.

பழையமலை:
இரவுவானம், கையுறையைப் பல்லால் கழற்றினேன் என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். வாயிலிருந்து நழுவிக் காற்றில் பறந்தால் அந்த இரவு எப்படி முடிந்திருக்கும்? 1950இல் நேபாளத்தின் அன்னபூர்ணா உச்சியிலிருந்து இறங்கும்போது பிரெஞ்சு மலையேறி மோரிஸ் ஹெர்சோக்கின் கையுறைகள் நழுவிச் சரிவில் உருண்டு போய்விட்டன. பையில் மாற்றுக் காலுறை இருந்தது. அதைக் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. விரல்களை இழந்தார். எனக்கு நடந்தது சின்னதுதான்: கூடாரக் கயிற்று முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தியால் அறுத்தேன், அவ்வளவே.

எல்லோரும் மெல்லிய கையுறை எது நல்லது என்று தேடுகிறீர்கள். மெல்லியதும் சூடானதும் ஒன்றாகவே இருக்கும் கையுறை கிடையாது. சூட்டுக்கு மிட்டன். விரல்கள் ஒன்றாக இருந்தால் ஒன்றின் சூட்டை ஒன்று பகிர்ந்துகொள்ளும். மெல்லியது எதற்கு என்றால், மிட்டனிலிருந்து கையை வெளியே எடுக்கும் அரை நிமிடத்தில் தோல் நேராக உலோகத்தில் படாமல் இருக்க. அவ்வளவுதான் அதன் வேலை. மிட்டனை மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டுங்கள். ஒரு விரல் வேலை, உடனே உள்ளே. மறுபடி ஒரு விரல் வேலை. முழுவதையும் முடித்துவிட்டு உள்ளே போடலாம் என்று நினைக்காதீர்கள். வாங்கும்போது குளிர்காப்புக் கையுறைகளுக்கான ஐரோப்பியத் தரக் குறி ஈஎன் 511 இருக்கிறதா என்று பாருங்கள். அதில் முதல் எண் குளிர்காற்றுக்கு, இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடுவதற்கு, மூன்றாவது தண்ணீர் புகுமா என்பதற்கு. டிரைபாட் பிடிப்பவர் இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அடுப்புக்குப் பெட்ரோல் ஊற்றுபவர்கள் கவனம்: அது உறையாது, காற்றின் அதே குளிரில் இருக்கும், மெல்லிய கம்பளிக்குள் ஊறி ஆவியாகும்போது விரலைச் சுட்டுவிடும். அங்கே நைட்ரைல் நல்லது. விறைத்த விரலைப் பனியால் தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். கையை முழு வட்டமாக வீசிச் சுற்றினால் ரத்தம் நுனிக்கு ஓடும்.

வெள்ளைவிரல்:
சங்கிலிச்சத்தம், பழகினால் தீரும் என்று தயவுசெய்து பொதுவாகச் சொல்லாதீர்கள். எல்லோருக்கும் அப்படி ரத்தம் திரும்பி வருவதில்லை. எனக்கு ரேனோ நோய். ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இலேயே விவரித்ததுதான். விரல் முதலில் வெளுக்கும், பிறகு நீலம், சூடு ஏறும்போது சிவந்து குத்தும். குளிர் பட்டதும் ரத்த நாளம் மூடிக்கொள்ளும். பொறுத்துக்கொண்டு நின்றால் இன்னும் இறுக மூடும்.

என் மகளுக்கு நான்கு வயது. வாசலில் நின்று அவள் ஜாக்கெட் ஜிப்பைப் போட முயல்கிறேன். அந்தச் சின்ன ஊக்கு அடுத்த பக்கத்துக்குள் நுழையவே இல்லை. என் விரல் மெழுகு போல் இருக்கிறது. காற்று அடிக்கிறது. குழந்தை என் முகத்தையே பார்க்கிறாள், அழவில்லை. வழியில் போன ஒரு பெண் குனிந்து ஜிப்பை இழுத்துவிட்டுப் போனார்.

எனக்கு உதவியது கையுறை இல்லை, மணிக்கட்டு. விரலை அசைக்கும் தசைகளில் பெரும்பகுதி முன்கையில்தான் இருக்கிறது, ரத்தமும் அந்த வழியாகத்தான் வருகிறது. பழைய கம்பளிக் காலுறையின் பாதத்தை வெட்டிவிட்டு, கட்டைவிரலுக்கு ஓர் ஓட்டை போட்டு, முழங்கைவரை இழுத்துக்கொள்கிறேன். அதன்மேல் மெல்லிய கையுறை. அதே கையுறைதான், ஆனால் முன்பைவிட இருமடங்கு நேரம் தாங்குகிறது. வீட்டுக்குள் கை சூடாக இருக்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டும். குளிர்ந்த கையைக் கையுறைக்குள் விட்டால் அது குளிரைத்தான் காக்கும். மகளின் எல்லா ஜிப்பிலும் கயிற்று வளையம் கட்டிவிட்டேன், முழு விரலையும் நுழைத்து இழுக்கலாம்.

இரவுப்பணி:
பழையமலை, மலையில் நீங்கள் சொல்வது சரி. மிட்டனுக்குள் கையை விட்டு விட்டு எடுக்க எனக்கு யாரும் நேரம் தரமாட்டார்கள். ஒரு கையில் விளக்கு, மறு கையில் ஊசி. வெள்ளைவிரல், அந்தக் காலுறை யோசனையை நாளை இரவு முயல்கிறேன்.

இரவுவானம்:
பனி உருகியதும் போய்த் தேடினேன். திருகு கிடைக்கவில்லை. வெள்ளைவிரலின் கயிற்று வளையத்தைப் படித்த பிறகு புதுத் திருகை மாற்றிக்கொண்டேன். தலை பெரியதாக, சுற்றிலும் ரப்பர் பட்டையோடு இருக்கிறது. டிரைபாட் கால்களுக்கு நுரை உறை மாட்டினேன். மிட்டனில் கயிறும் கட்டிவிட்டேன். நேற்று இரவு மைனஸ் 9. கையுறையைக் கழற்றாமலே கேமராவை மூன்று முறை மாட்டிக் கழற்றினேன். நான்காவது முறை ஆள்காட்டி விரல் நுனி மரத்துவிட்டது. கிளம்பிவிட்டேன்.