புதுப்பிப்பு: நங்கநல்லூர் வீட்டுக்கு மெஷ் வைஃபை வாங்கியாச்சு

பழைய மாடி வீடு, ஒன்பது இன்ச் செங்கல் சுவர், மேல் ரூமில் சிக்னலே இல்லை, எந்த மெஷ் (வீட்டில் அங்கங்கே யூனிட் வைத்து ஒரே வைஃபையாகப் பரப்புவது) எடுக்கலாம் என்று கேட்டிருந்தேனே, கடைசியில் டிபி-லிங்க்கின் டெக்கோ எக்ஸ்50 மூணு யூனிட் செட் எடுத்தேன். இது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டே அலைவரிசை (பேண்ட்) உள்ளது. மூணு பேண்ட் உள்ள ட்ரை-பேண்ட் மாடல் சொன்னவங்க கோவிச்சுக்காதீங்க. அந்தக் கூடுதல் பேண்டும் 5 கிகாஹெர்ட்ஸோ அதுக்கு மேலயோதான். அலைவரிசை கூடினா சுவரைத் தாண்டுறது குறையும், அதனால நம்ம சுவர்கிட்ட அதோட பாச்சா பலிக்காது. மிச்சமான காசில் கேட்-6 நெட்வொர்க் கேபிள் இழுத்தாச்சு. எலக்ட்ரீஷியன் அண்ணன் பழைய கேபிள் டிவி பைப்புக்குள்ளேயே விட்டு மாடிக்குக் கொண்டுபோயிட்டார், சுவரில் கை வைக்கவே இல்லை. யூனிட்டுகள் தங்களுக்குள் கேபிளில் பேசிக்கொள்வதால் வைஃபை முழுக்க போனுக்கும் டிவிக்கும்தான்.

படுத்தி எடுத்தது சம்ப் மோட்டாரின் ஸ்மார்ட் சுவிட்ச். இந்த மாதிரி பல்பு, சுவிட்ச் எல்லாம் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும். டெக்கோ ஆப்பில் ஐஓடி நெட்வொர்க்கை (இந்த மாதிரி ஸ்மார்ட் சாதனங்களுக்கான வைஃபை) தனியாக 2.4-ல் போட்டு, செக்யூரிட்டியை டபிள்யூபிஏ2 என்ற பழைய பாதுகாப்பு முறையில் வைத்ததும் சமர்த்தாக ஒட்டிக்கொண்டது.

இன்டர்நெட்காரங்க கொடுத்த பாக்ஸும் ஒரு ரவுட்டர் என்பதால் டபுள் நேட் (ரெண்டு ரவுட்டரும் ஒண்ணு மாத்தி ஒண்ணு முகவரி மாற்றும் சிக்கல்) வரும். அந்த பாக்ஸை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்துவது) மாற்றச் சொன்னேன், இழுத்தடித்துத்தான் மாற்றினாங்க.

கரண்ட் போனா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டவருக்கு: எல்லாமே இன்வெர்ட்டர் லைனில்தான்.

அடுத்தது மொட்டை மாடி டேங்குக்கு லெவல் சென்சார். சென்னை வெயிலைத் தாங்குற மாடல் யாராவது வச்சிருந்தா சொல்லுங்க.