மறுமொழி: ஸ்கேல் மாடல் – ‘ஒப்பளவுச் சிற்றுரு’

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். அசலின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் மாற்றிச் செய்யும் ‘ஸ்கேல் மாடல்’ என்பதற்கு ‘ஒப்பளவுச் சிற்றுரு’ என்ற தமிழ்ச் சொல்லை முன்வைத்திருந்தேன்; அதற்கு வந்த கேள்விகளுக்கு இது மறுமொழி.

> ‘மாதிரி’ என்றாலே எல்லாருக்கும் புரிகிறதே, அது போதாதா?

போதாது ஐயா. கார் பற்றி எழுதும்போது ‘மாதிரி’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. லம்போர்கினி நிறுவனத்தின் மியூரா என்ற காரில் பி400, எஸ், எஸ்வி என்று மாதிரிகள் வந்தன. ‘எஸ்வி மாதிரி’ என்று எழுதினால், சாலையில் ஓடிய காரா, அலமாரியில் இருக்கும் 24 செ.மீ. நீளப் பொருளா என்று வாசிப்பவருக்கு எப்படித் தெரியும்?

‘பொம்மைக் கார்’ என்பதை நான் ஒப்பவே மாட்டேன். அதில் போகும் உழைப்பைப் பாருங்கள். 1966 ஜெனீவா கண்காட்சியில் வந்த மியூராவின் முகப்பு விளக்குகளைச் சுற்றிக் கறுப்புப் பட்டைகள் உண்டு; ரசிகர்கள் ‘இமைமயிர்’ என்பார்கள். அந்தக் காரின் மலிவான ஸ்கேல் மாடல் பதிப்புகளில் அது மொத்தையான கறுப்புப் பிளாஸ்டிக். உயர்தரப் பதிப்பில் மெல்லிய உலோகத் தகட்டில் ஒளியுணர் பூச்சு பூசி, ஒளி காட்டி, வேண்டாத இடத்தை அமிலம் அரிக்க விட்டு எடுக்கிறார்கள். ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே இடைவெளி தெரியும். பின்மூடியைத் தூக்கினால் குறுக்குவாட்டில் கிடக்கும் வி12 (12 சிலிண்டர்) எஞ்சினும் அதன் வயர்களும் இருக்கும். வண்ணப்பூச்சு இன்னும் கடினம்: 18இல் ஒரு பங்கு அளவில் 0.1 மி.மீ. பூச்சு, நிஜக் காரில் 1.8 மி.மீ. தடிமனுக்குச் சமம். கொஞ்சம் கூடினாலும் கதவின் விளிம்புக்கோடு மழுங்கிப்போகும்.

ஆக, சிறியது என்பது மட்டும் போதாது. எல்லாமே ஒரே விகிதத்தில் சிறுத்திருக்க வேண்டும். அதற்குத்தான் ‘ஒப்பளவு’. அப்புறம், ‘ஒப்பளவுரு’ என்று சுருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ‘அளவுரு’ பாராமீட்டருக்கு நிலைத்துவிட்ட சொல். படிப்பவர் ‘ஒப்பு + அளவுரு’ என்றுதான் பிரிப்பார். ஆகவே வேண்டாம்.

எறும்பைப் பல மடங்கு பெரிதாக்கிச் செய்வதும் ஸ்கேல் மாடல்தானே என்ற கேள்வி நியாயமானது. அதை ‘ஒப்பளவுப் பேருரு’ எனலாம். முதல் பகுதி மாறாமல் நிற்பதால் இரண்டும் ஒரே குடும்பமாகத் தெரியும்.

என் முன்மொழிவு: முதல் முறை ‘ஒப்பளவுச் சிற்றுரு’, அடுத்தடுத்து வெறும் ‘சிற்றுரு’. எடுத்துக்காட்டு: ‘பிரிஸ்டலில் உள்ள அமால்கம் நிறுவனம் ஃபெராரி கார்களின் சிற்றுருக்களை 8இல் ஒரு பங்கு அளவில் செய்கிறது.’ உலோகத்தை அச்சில் வார்க்கும் டை-காஸ்டுக்கு ‘அச்சுவார்ப்பு’ சரிவருமா?

---

ஐயா, சிற்றுருவுக்கு என் முழு ஒப்புதல். ‘அச்சுவார்ப்பு’தான் உறுத்துகிறது. ரெசின் என்ற, ஊற்றியதும் இறுகும் பிளாஸ்டிக்கையும் அச்சில்தானே வார்க்கிறார்கள்? டை-காஸ்டில் உருகிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். ரெசினைச் சிலிகான் அச்சில் ஊற்றி இறுக விடுகிறார்கள். அந்த அச்சு சீக்கிரம் தேய்ந்துவிடுவதால் ரெசின் கார்கள் குறைந்த எண்ணிக்கையிலேயே வருகின்றன. வேறுபாடு அழுத்தத்தில் இருப்பதால் ‘அழுத்தவார்ப்பு’ எனலாமா?

---

சரி, ‘அழுத்தவார்ப்பு’ நன்றாகப் பொருந்துகிறது. மற்றது ‘ரெசின் வார்ப்பு’ என்றே இருக்கட்டும். ‘பிசின்’ என்றால் மரத்தில் வடிவதுதான் நினைவுக்கு வரும்.