பிலிருபின் அளவீட்டில் ஹீமோகுளோபின் குறுக்கே வருகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரோடு (எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் கருவி) மல்லுக்கட்டிய அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதி) இருக்கும் பிலிருபினை (மஞ்சள் காமாலையில் கூடும் மஞ்சள் நிறமி), வேதிப்பொருள் எதுவும் சேர்க்காமல், ஒளி உறிஞ்சலை மட்டும் வைத்து அளக்கப் பார்க்கிறேன். தெளிந்த மாதிரி என்றால் 460 நானோமீட்டரை ஒட்டி அகலமான மேடு ஒன்று வருகிறது, பிரச்சினையே இல்லை. சிவப்பணுக்கள் லேசாக உடைந்து ஹீமோகுளோபின் கசிந்திருந்தால் போச்சு! 415 நானோமீட்டரில் ஆக்ஸிஹீமோகுளோபின் (ஆக்ஸிஜன் சேர்ந்த ஹீமோகுளோபின்) ஊசி மாதிரி எழும்புகிறது. பிலிருபின் அதன் சரிவில் ஒட்டிக்கொண்ட சின்ன வீக்கமாகத்தான் தெரிகிறது.

454, 540 இரண்டிலும் அளந்து கழிக்கும் பழைய முறை தெரியும். ஆக்ஸிஹீமோகுளோபின் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு உறிஞ்சுவதால் கழித்தால் அடிபட்டுவிடும். பச்சிளங்குழந்தைகளுக்கு அது சரிப்படும். பெரியவர்கள் ரத்தத்தில் கரோட்டினும் (உணவிலிருந்து வரும் மஞ்சள் நிறமி) அதே நீல ஒளியை உறிஞ்சுகிறதே, அதை எப்படிக் கழிப்பது? இரண்டாம் வகைக்கெழு (வரைகோட்டின் சரிவு மாறும் வீதம்) எடுத்தால் பிரியுமா, அல்லது முழு நிறமாலையையும் ஒவ்வொரு பொருளின் பங்காகப் பிரித்துப் பொருத்திப் பார்ப்பதுதான் உருப்படியான வழியா? வகைக்கெழு இரைச்சலைப் பெருக்கிவிடும் என்பதால் எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று. சில மாதிரிகளில் 630 பக்கம் சிறு மேடு. மெத்ஹீமோகுளோபின் (இரும்பு ஆக்ஸிஜனேற்றம் அடைந்த ஹீமோகுளோபின்) என்றே நினைக்கிறேன். சயனைடு சேர்த்தால் மறையும், சல்ஃப்ஹீமோகுளோபின் (கந்தகம் சேர்ந்த வகை) என்றால் மறையாது. ஆனால் சயனைடைத் தொட எனக்கு அனுமதி இல்லை. வேறு ஏதாவது வழியில் உறுதி செய்தவர்கள் உண்டா?

மாதிரிகளை வெளிச்சம் படாமல்தான் வைக்கிறேன், ஆகவே அந்த மேட்டுக்குப் பிலிருபின் சிதைவு காரணமாக இருக்காது. வரைபடங்கள் வேண்டுமானால் பின்னூட்டத்தில் போடுகிறேன்.